கோபமாக வெளிப்படும் வலி: கறுப்பினக் குழந்தைகளின் மனநலத்தில் பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தற்கொலை என்பது வெள்ளையினத்தவரிடம் மட்டுமே காணப்படும் சிக்கல் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் பல தலைமுறைகளாக இருந்துவந்தது. 2001 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு அதை உடைத்தது. 5 முதல் 12 வயதுக்குள் தற்கொலையால் இறக்கும் விகிதம், வெள்ளையினக் குழந்தைகளைவிடக் கறுப்பினக் குழந்தைகளிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. மறு ஆண்டு டிசம்பரில், போனி வாட்சன் கோல்மன் தலைமையில் நாடாளுமன்றக் கறுப்பின உறுப்பினர்கள் அமைத்த பணிக்குழு ஓர் எச்சரிக்கை அறிக்கையை வெளியிட்டது. அதன் பிறகும் நிலைமை மோசமானது. 2018க்கும் 2021க்கும் இடையில், 10 முதல் 24 வயது வரையிலான கறுப்பினத்தவரிடம் தற்கொலை விகிதம் 36.6 சதவீதம் உயர்ந்தது.

இந்தப் பிள்ளைகளைச் சுற்றி அக்கறையுள்ள பெரியவர்கள் இல்லாமல் இல்லை. பெற்றோர், பாட்டிமார், ஆசிரியர்கள், செவிலியர்கள், மருத்துவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் தமிழர்களும் அவர்களில் உண்டு. ஆனாலும் ஒரே மாதிரியான சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் பெரியதை முதலில் பார்ப்போம்.

வேதனையை அடங்காமை என்று எடுத்துக்கொள்வது

மனச்சோர்வு என்றதும் அழுதுகொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத்தான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். குழந்தைகளிடமும் பதின்பருவத்தினரிடமும் அது பெரும்பாலும் எரிச்சலாகத்தான் வருகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடே, இந்த வயதினருக்குச் சோகத்துக்குப் பதிலாக எரிச்சலையும் மனச்சோர்வின் அடையாளமாக ஏற்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து சிடுசிடுப்பு, தூக்கக் கோளாறு, பிடித்த விளையாட்டில்கூட ஆர்வமின்மை எல்லாம் சேர்ந்து இருந்தால், மருத்துவரிடம் பேச அதுவே போதுமான காரணம்.

ஒரு வெள்ளையினப் பையன் மேசையில் தலை கவிழ்ந்து படுத்திருந்தால் 'வீட்டில் ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்கும் பள்ளி, கறுப்பினப் பையன் அப்படிப் படுத்தால் 'மரியாதை தெரியவில்லை' என்று எழுதிவிடுவது நடக்கிறது. இதற்குப் பின்னால் ஆய்வுகள் காட்டிய ஒரு சாய்வு இருக்கிறது. 10 வயதிலிருந்தே கறுப்பினச் சிறுவர்களை உண்மை வயதைவிட மூத்தவர்களாகவும் கள்ளம் கூடியவர்களாகவும் பார்க்கிறார்கள் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. ஜார்ஜ்டவுன் சட்டப் பள்ளியின் 2017 ஆய்வோ, பெண் குழந்தைகளுக்கு இது 5 வயதிலேயே தொடங்குகிறது என்றது. அவர்களுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் ஆறுதலும் குறைவாகவே தேவை என்று பெரியவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

விளைவு பள்ளிக் கணக்குகளில் தெரிகிறது. 2017-18 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். பள்ளிக்கு வராதே என்று இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அவர்கள் 38 சதவீதம். மழலையர் பள்ளியிலும் இதே கதைதான். 2013-14இல் 19 சதவீதமாக இருந்த கறுப்பினக் குழந்தைகள், இடைநீக்கங்களில் 47 சதவீதம். நான்கு வயதுக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பி வைப்பதால் அது எதைக் கற்றுக்கொள்ளும் என்று எந்த வளர்ச்சி நிபுணராலும் சொல்ல முடியாது. பெரிய பிள்ளைகளுக்கோ தனிமை, பாடத்தில் பின்தங்கல், அவமானம் என்று நோய்க்குத் தீனியாவதெல்லாம் அந்த நாட்களில்தான் சேர்கிறது.

மருத்துவ அறையிலும் இது தொடர்கிறது. ஒரே மாதிரி அறிகுறிகள் இருந்தாலும், கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதிர்ப்புணர்வுக் கோளாறு, நடத்தைக் கோளாறு என்ற முத்திரை எளிதில் விழுகிறது. கவனக்குறைவுக் கோளாறோ (கவனம் சிதறுவது, யோசிக்காமல் செயல்படுவது; ஆங்கிலத்தில் ADHD), பதற்றமோ, பழைய அதிர்ச்சியோ கண்ணில் படாமல் போகிறது. முத்திரை தவறினால் மருந்தும் சிகிச்சையும் தவறும். அது கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த பள்ளியும் அந்தக் கண்ணாலேயே பார்க்கும்.

இதைத் தடுக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரம், தினமும் நான்கு வரி: எத்தனை மணி நேரம் தூங்கினான், சாப்பாடு எப்படி, எப்போது வெடித்தான், வெடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது. கடைசி வரிதான் முக்கியம். சத்தமாக வாசிக்கச் சொன்ன வகுப்பிலேயே ஒவ்வொரு முறையும் கோபம் வந்தால் அது வாசிப்புச் சிரமமாக இருக்கலாம். ஞாயிறு இரவும் திங்கள் காலையும் வயிற்று வலி வந்தால், பள்ளியில் ஏதோ சிக்கல் இருக்கலாம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும். இதில் பெரிய மாற்றம் தெரிந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளையை வேறு பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம். ஆறு மாதத்துக்கு முந்தைய அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள்.

'நான் டிப்ரஷனில் இருக்கிறேன்' என்று அவர்கள் வாயால் சொல்வார்கள் எனக் காத்திருப்பதும் பலன் தராது. 'ஒண்ணுமில்ல, டயர்டா இருக்கு' என்பதுதான் பல வீடுகளில் கிடைக்கும் ஒரே அறிவிப்பு.

பள்ளியோடு வாயால் மட்டும் பேசுவது

பெற்றோர் கூட்டத்தில் மணிக்கணக்கில் வாதாடிவிட்டு, எழுத்தில் எதுவும் இல்லாமல் திரும்புவது பெரிய இழப்பு. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டப்படி, பிள்ளைக்குச் சிறப்பு உதவி தேவையா என்று மதிப்பீடு செய்யுமாறு பெற்றோர் கடிதம் எழுதிக் கேட்கலாம். கடிதத்தில் தேதி இருக்கட்டும், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்த நாளிலிருந்து, மாநிலம் வேறு கெடு வைக்காவிட்டால், 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு பாதுகாப்பு உண்டு. இந்தச் சட்டத்தின் கீழ் தனிக் கல்வித் திட்டம் (IEP) பெற்ற மாணவரை 10 பள்ளி நாட்களுக்கு மேல் வெளியேற்ற முடிவெடுத்தால், அந்த நடத்தை குறைபாட்டால் விளைந்ததா என்று அடுத்த 10 பள்ளி நாட்களுக்குள் பள்ளியும் பெற்றோரும் கூடி ஆராய வேண்டும். திட்டம் இன்னும் கிடைக்காத பிள்ளைக்கும், சம்பவத்துக்கு முன்பே பெற்றோர் தங்கள் கவலையை ஆசிரியரிடமோ நிர்வாகத்திடமோ எழுத்தில் தெரிவித்திருந்தால் இந்தப் பாதுகாப்பைக் கோரலாம். சண்டை நடந்த பிறகு எழுதும் கடிதத்துக்கு இந்த வலிமை கிடையாது. ஆகவே சந்தேகம் வந்த வாரமே எழுதிவிடுங்கள்.

கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுவது

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் பிறப்பதில்லை. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் உருவாக்கிய நான்கு கேள்விப் பட்டியலை 8 வயதிலிருந்தே பயன்படுத்துகிறார்கள். கேட்டு முடிக்கச் சுமார் 20 விநாடி ஆகும். தாய் தந்தை முன்னால் கேட்டால் பிள்ளை மறைக்கக்கூடும், அதனால் மருத்துவர்கள் தனியாகக் கேட்கிறார்கள். வீட்டில் கேட்பதற்குக் கார் பயணம் நல்ல இடம். முகத்தைப் பார்க்காமல் பேச முடியும்.

சுற்றி வளைத்து 'தப்பா எதுவும் நினைக்கலைதானே?' என்று கேட்டால் இல்லை என்ற பதிலைத்தான் நாமே கேட்டு வாங்குகிறோம். 'செத்துப்போயிடலாம்னு தோணியிருக்கா?' என்று தெளிவாகக் கேளுங்கள். ஆம் என்றால் பதற வேண்டாம், திட்ட வேண்டாம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்ய வேண்டாம். தனியே விடாமல் கூடவே இருந்து, 988க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். தற்கொலை எண்ணத்துக்கும் மனநல நெருக்கடிக்கும் உதவ 2022 ஜூலை முதல் அமெரிக்கா முழுவதும் இயங்கும் எண் அது.

சிறு பிள்ளைகளிடம் மனச்சோர்வை மட்டும் தேடுவதும் போதாது. தற்கொலையால் இறந்த 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில், மனநலச் சிக்கல் இருந்ததாக அறியப்பட்டவர்களிடம் மனச்சோர்வைவிடக் கவனக்குறைவுக் கோளாறே அதிகம் இருந்தது. குடும்பத்தாரோடோ நண்பர்களோடோ ஏற்பட்ட சண்டை பல நேரம் உடனடிக் காரணம். யோசிக்கும் முன் செயல்படும் குழந்தையிடம் அந்த நெருக்கடி சில நிமிடங்களில் எழும், சில நிமிடங்களில் அடங்கும். அந்த நிமிடங்களில் ஆபத்தானது கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயதினரின் மரணங்களுக்கு முதற்காரணம் துப்பாக்கிதான். வீட்டில் துப்பாக்கி இருந்தால் குண்டு நீக்கிப் பூட்டி, குண்டுகளை வேறிடத்தில் பூட்டி வையுங்கள். நெருக்கடிக் காலத்தில் வீட்டைவிட்டே வெளியே கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. மாத்திரைகளுக்கும் பூட்டு வேண்டும். எங்கே வைத்திருக்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது என நம்பவே வேண்டாம். தெரியும்.

இனவெறி பற்றிப் பேசாமலிருப்பது, அல்லது பயமுறுத்த மட்டும் பேசுவது

பள்ளியில் நடந்ததைப் பிள்ளை வந்து சொல்லும்போது 'அவங்க அந்த அர்த்தத்துல சொல்லியிருக்க மாட்டாங்க' என்று சமாதானம் சொல்வது, அது அனுபவித்ததைப் பொய்யாக்குகிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை பிள்ளை சொல்லாது. 'நான் நிறமே பார்ப்பதில்லை' என்று சொல்லும் ஆசிரியரிடமும் அதே கதி. நிறத்தால் பட்ட காயத்தை அவரிடம் கொண்டுபோக முடியாது. முதலில் நம்புங்கள். நடந்தது என்ன என்று கேளுங்கள். 'நான் என்ன செய்யணும்?' என்று பிள்ளையிடமே கேட்டு, பிறகு பள்ளியிடம் போங்கள்.

கறுப்பினக் குடும்பங்களில் பலவும், போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும் என்பது வரை பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றன. அது தேவையால் வந்த பேச்சு, குறை சொல்ல முடியாது. ஆனால் எச்சரிக்கை மட்டுமே காதில் விழுந்துகொண்டிருந்தால் உலகமே பகையாகத் தெரியும். தன் மக்களின் வரலாறு, அழகு, சாதனை பற்றிய பெருமிதம் கூடவே ஊட்டப்பட்ட பிள்ளைகளிடம் தன்மதிப்பு உயர்ந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 1940களில் கென்னத், மேமி கிளார்க் தம்பதி பொம்மைகளை வைத்து நடத்திய சோதனைகளில், கறுப்பினக் குழந்தைகள் பலரும் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கிய 1954 தீர்ப்பில் அந்த ஆய்வும் இடம்பெற்றது. பெருமிதம் தானாக வந்துவிடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் ஹவர்ட் ஸ்டீவன்சன் கற்றுத்தரும் ஒரு முறை இங்கே கைகொடுக்கும். யாரோ அனுமதியில்லாமல் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த உணர்ச்சி, 1 முதல் 10 வரை எவ்வளவு என்று பிள்ளை முதலில் கணக்கிட வேண்டும். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்: தொண்டையிலா, வயிற்றிலா? மனதுக்குள் என்ன பேச்சு, என்ன படம் ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். பிறகு மெதுவாக மூச்சை இழுத்து, மெதுவாக விட வேண்டும். இதை அமைதியான நாளில் பத்து முறை பழகியிருந்தால்தான் கோபமான நாளில் ஒரு முறையாவது வரும்.

முடி என்பதைச் சின்ன விஷயமாகத் தள்ளவும் வேண்டாம். பின்னலுக்காகவும் சடைமுடிக்காகவும் வகுப்பிலிருந்து பிள்ளைகள் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். முடி அமைப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க, 2019இல் கலிஃபோர்னியா முதலாவதாகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. உங்கள் மாநிலத்தில் அது உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காணொளிகளும் கவலைக்குரியவை. 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் அதிகாரியால் கொல்லப்பட்டதைப் படம் பிடித்தவருக்கு வயது 17. இத்தகைய காட்சிகளைப் பார்ப்பதற்கும் பதின்பருவத்தினரின் மனச்சோர்வு, அதிர்ச்சி அறிகுறிகளுக்கும் தொடர்பு இருப்பதை அதற்கு முந்தைய ஆண்டே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. செயலிகளில் தானாக ஓடும் வசதியை நிறுத்துங்கள். 'பார்த்தியா, எங்கே பார்த்தே, எந்த இடம் மனசுல நிக்குது?' என்று கேளுங்கள். ஆசிரியர்கள் ஒன்றை மட்டும் செய்யாதிருந்தால் நல்லது. வகுப்பிலுள்ள ஒரே கறுப்பின மாணவியை எழுப்பி 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்க வேண்டாம்.

சிகிச்சையில் நடக்கும் தவறுகள்

தயங்கும் குடும்பத்தை 'ஒத்துழைக்காதவர்கள்' என்று குறிப்பு எழுதுவது எளிது. 1932 முதல் 1972 வரை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகியில் அரசே நடத்திய ஆய்வில், கிரந்தி (சிஃபிலிஸ்) நோயுள்ள கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்கவில்லை. அந்த நினைவு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளையைப் பற்றி உண்மையைச் சொன்னால் குழந்தைகள் நல அதிகாரிகள் வந்து பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயமும் பல வீடுகளில் உண்டு. எதை ரகசியமாக வைப்போம், எதைச் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும் என்று முதல் சந்திப்பிலேயே விளக்குவதுதான் மருந்து.

குடும்பங்கள் செய்யும் தவறு வேறு. கறுப்பின ஆலோசகர் கிடைக்கும் வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் சுமார் 5 சதவீதம், மனநல மருத்துவர்களில் சுமார் 2 சதவீதம். தேடுவது நியாயம், அதற்கென்றே பட்டியல்கள் உள்ளன. உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபர்ட் 2014இல் தொடங்கிய 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' அவற்றில் ஒன்று. கிடைக்கும்வரை வேறொருவரிடம் தொடங்குங்கள், ஆனால் முதல் தொலைபேசியிலேயே இதைக் கேளுங்கள்: கறுப்பினப் பதின்பருவத்தினருக்குச் சிகிச்சை தந்திருக்கிறீர்களா? பள்ளியில் நடந்த இனவெறியைப் பிள்ளை சொன்னால் அதை எப்படிக் கையாள்வீர்கள்? எந்த முறை, எத்தனை அமர்வு? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்? தடுமாறினால் அடுத்தவரை அழையுங்கள். மெடிக்கெய்ட் (குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) உள்ள 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு, மருத்துவத் தேவையுள்ள மனநலச் சிகிச்சைக்குச் செலவு தரப்பட வேண்டும் என்பது கூட்டாட்சிச் சட்டம். மறுத்தால் எழுத்தில் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யலாம்.

தேவாலயமா ஆலோசகரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் வேண்டாத வேலை. ஜெபமும் சிகிச்சையும் சேர்ந்தே போகலாம், பல போதகர்கள் இன்று அதைத்தான் சொல்கிறார்கள். அதுபோல 'நீ தைரியசாலி' என்ற பாராட்டு, தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டு அழவே நேரமில்லாத மூத்த பெண்ணுக்கு இன்னொரு சுமைதான்.

நெருக்கடியில் முதலில் 911ஐ (போலீஸ், ஆம்புலன்ஸ் அவசர எண்) அழைப்பது

போலீஸ் வருவதே ஆபத்தாகிவிடும் வாய்ப்பு கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதிகம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது 988ஐ அழைத்து, உங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கே வரும் மனநல நெருக்கடிக் குழு உண்டா என்று கேளுங்கள். அமைதியான நாளிலேயே கேட்டு அந்த எண்ணைக் குறித்து வைத்திருப்பது நல்லது. 911 தவிர்க்க முடியாவிட்டால், பிள்ளையின் பெயர், வயது, இது மனநல நெருக்கடி, கையில் ஆயுதம் உண்டா இல்லையா என்ற நான்கையும் முதல் வாக்கியங்களிலேயே சொல்லுங்கள். மனநல நெருக்கடிப் பயிற்சி பெற்ற அதிகாரியை அனுப்பச் சொல்லுங்கள். 1988இல் மெம்ஃபிஸில் தொடங்கிய இந்தப் பயிற்சி இப்போது பல நகரங்களில் உண்டு.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களே மிகுந்த ஆபத்துள்ளவை. பிள்ளை சிரிக்கிறதே என்று அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஏழு நாளுக்குள் ஒரு சந்திப்பு, அதன் தேதியும் நேரமும் வீடு திரும்பும் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பள்ளி தொடங்கும் முன் ஒரு சிறு கூட்டம் வையுங்கள். விடுபட்ட பாடங்களில் எவற்றை எழுத வேண்டாம், வகுப்பைவிட்டு வெளியே வரத் தோன்றினால் யாரிடம் போவது, எங்கே இருந்தாய் என்று நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதெல்லாம் அங்கே முடிவாகட்டும். கடைசிக் கேள்விக்கான பதிலைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.