என்ஜின் தேய்ந்தால் வாரண்டி வராது: டர்போ கார் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டைத் தெருவில் 200 குதிரைத்திறன் டர்போ காரை நிறுத்தி வைத்திருந்தால், "இதை எங்கப்பா ஓட்டுவ?" என்று தெருவே கேட்கும். நியாயமான கேள்விதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் டிரெய்லருக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டே ஓடுகிறது அந்த வண்டியின் வாழ்க்கை. அந்த ஊர்தலில்தான் பாதித் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதல் தவறு, கிலோமீட்டரை மட்டும் பார்ப்பது. "வருஷத்துக்கு ஆறாயிரம்தான் ஓடுது, ஆயில் எதுக்கு இப்போ?" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பக்கத்து நெரிசலில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் போனால் 6,000 கி.மீ ஓட என்ஜின் 600 மணி நேரம் சுற்றியிருக்கும். அதே தூரத்தை ஜிஎன்டி ரோட்டில் 80-இல் ஓட்டினவருக்கு 75 மணி நேரம். ஓடோமீட்டருக்கு இது தெரியாது, ஆயிலுக்குத் தெரியும். கம்பெனிக் கையேடு ஒரு வருஷம் அல்லது 15,000 கி.மீ என்று சொன்னாலும், கடினமான ஓட்டத்துக்கு அதற்கு முன்பே மாற்றச் சொல்லும் வரி பெரும்பாலும் அதிலேயே ஒரு ஓரத்தில் இருக்கும். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறவர்களும் ஒரு இடத்தில் ஏமாறுகிறார்கள். ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் "என் வண்டி ஆயிலே குடிக்காது, போன மாசத்தை விட மேலே நிக்குது பாருங்க" என்று பெருமையாகக் காட்டினார். துணியில் துடைத்து முகர்ந்து பார்த்தால் பெட்ரோல் வாடை. வீட்டிலிருந்து ராயபுரம், ராயபுரத்திலிருந்து வீடு, தினமும் நாலு கிலோமீட்டர். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜின் சூடாவதற்குள் அணைந்துவிட்டால், எரியாத பெட்ரோல் சுவரில் வழிந்து கீழே ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் நீர்த்துப் போனால் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குக்கு நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறையாவது முப்பது, நாற்பது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் கலந்த பெட்ரோலில் ஓரளவாவது ஆவியாகிப் போகும். மீஞ்சூர் வரைக்கும் போய்த் திரும்புங்கள், போதும்.

காலையில் வண்டியை எடுத்ததும் பசங்க கேட்டார்கள் என்று நியூட்ரலில் உறுமவிடுவது அடுத்தது. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டைக் காட்டும் கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் என்ஜின் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஆயில் சூடாக அதற்கு மேலும் நேரமாகும். அதுவரை மிதமாக ஓட்டுங்கள். ஏர் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, மணலிப் பக்கம் ஆறு மாதம் ஓட்டிய ஃபில்டரைத் தரையில் ஒரு தட்டு தட்டினாலே புரிந்துவிடும்.

சரி, வாரண்டிக்கு வருவோம். நீட்டிப்பு வாரண்டி எடுத்துவிட்டோம், இனி என்ஜின் அவர்கள் பாடு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அந்தத் தாளில் 'தேய்மானம்' என்று ஒரு சொல் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். பொதுவாக உடைந்ததற்குத்தான் பணம், தேய்ந்ததற்கு இல்லை. போர்ஷேயில் 1997 தொடங்கி 2008 வரை வந்த பல என்ஜின்களில் உள்ளே சுழலும் ஒரு இடைத்தண்டைத் தாங்கும் ஐஎம்எஸ் என்ற பேரிங் திடீரென்று போய் என்ஜினையே காலி செய்ததுண்டு, ஓட்டியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும். இந்த மாதிரிக் கோளாறுக்குத்தான் வாரண்டி. பிஎம்டபிள்யூ எம்3-இன் பழைய வி8 என்ஜினில் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அது கோளாறா தேய்மானமா என்ற சண்டையில் மாட்டிக்கொள்வது வண்டிக்காரர்.

புது வண்ணாரப்பேட்டை நண்பர் ஒருவர் பழைய ஜெர்மன் காரை வாங்கினார், இரண்டு வருட நீட்டிப்போடு. என்ஜினில் தட்டும் சத்தம் வந்தது. சர்வீஸ் சென்டரில் ஒரு தாளை நீட்டினார்கள், பிரித்துப் பார்க்க அனுமதி என்று சொன்னார்கள், போட்டார் கையெழுத்து. கிளெய்ம் தள்ளுபடியானால் பிரித்து மாட்டுகிற கூலி வண்டிக்காரர் தலையில் என்பது அதில் கடைசி வரி. தள்ளுபடியும் ஆனது. ஆயில் மாற்றியதற்கான பில்லில் பதினாலு மாத இடைவெளி, நடுவில் தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றியதற்குச் சீட்டே இல்லை. ஆயில் நிஜமாகவே மாற்றியிருந்தார், அதுதான் வயிற்றெரிச்சல்.

பவர் கூட்ட என்ஜினின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதும் ரீமேப் செய்துவிட்டு, சர்வீஸுக்கு முன்னால் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது என்பதும் நடக்காத காரியம். பல கம்பெனிகளின் ஈசியூ, அதாவது என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர், தான் எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை எண்ணி வைத்திருக்கும். ரேஸ் டிராக்கில் ஓட்டியதும் அப்படியே, மறைக்க முடியாது. ரேஸ் பார்க்க ஊர் சோழவரத்துக்குப் போன காலம் முடிந்து, 1990-இலிருந்து இருங்காட்டுக்கோட்டைதான். அங்கே எடுத்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு வாரண்டி கேட்காதீர்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பலர் கற்ற பாடம் வேறு. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இதற்கு வாரண்டி வராது. சாதாரண முழு இன்சூரன்ஸும் பொதுவாக வராது. என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் கவர்தான் வரும், அதிலும் தண்ணீரில் நின்ற வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யப் பார்த்தால் தகராறு. சாவியைத் தொடாமல் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அப்படியானால் வாரண்டி எடுக்கலாமா? டர்போ, ஹை பிரஷர் பம்ப், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் மூன்றும் உள்ள வண்டியென்றால் நான் எடுப்பேன், கம்பெனியே தருவதைத்தான், முதல் வாரண்டி முடிவதற்குள். டர்போ இல்லாத சாதாரண ஜப்பான் வண்டிக்கு அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வைப்பேன்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் புகார் போடலாம், கம்பெனி ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும். அந்தப் புது வண்ணாரப்பேட்டை நண்பருக்குக் காரணம் எழுதிய அந்த ஒரு தாளை வாங்கவே மூன்று வாரம் ஆனது. அதுவரை என்ஜின் துண்டு துண்டாக அவர்கள் மேஜையில்தான் கிடந்தது.