பொடியன் மலை ஏறிய கதை: செல்போனில் ஒரு குட்டி ரயில் அனிமேஷன் எடுப்பது எப்படி

என் அக்கா மகனுக்கு ஏழு வயது. தாமஸ் ரயில் கார்ட்டூனில் அவனுக்குப் பிடித்தவன் தாமஸ் இல்லை, எட்வர்டு. எட்வர்டு வயசான எஞ்சின், பெரிய எஞ்சின்களுக்கு அவன் என்றால் இளக்காரம். 1986-இல் வந்த ஒரு அத்தியாயத்தில் மழைத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கிச் சுழன்று அவனுடைய கிராங்க் பின் (சக்கரத்தில் தண்டு மாட்டியிருக்கும் முளை) முறிந்துவிடும். சக்கரங்களை இணைக்கும் தண்டு வளைந்து நசுங்கிப் போகும். டிரைவரும் ஃபயர்மேனும் அந்தத் தண்டுகளைக் கழற்றிப் போட்டுவிட, மிச்சமிருக்கும் பலத்தோடு மெல்ல நகர்ந்து, பயணிகளைத் தாமதமாகவாவது ஊர் கொண்டு சேர்ப்பான். அதை அக்கா மகன் என்னோடு உட்கார்ந்து பத்து தடவையாவது பார்த்திருப்பான். ஒரு நாள் கேட்டான்: "சித்தி, நம்ம சேலத்து எஞ்சினை வச்சு இப்படி ஒண்ணு எடுக்கலாமா?"

எடுத்தோம். பொம்மை எஞ்சினைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு போட்டோ எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் அது தானே ஓடுவதுபோலத் தெரியும். 40 நொடிப் படம், இரண்டு சனி ஞாயிறு ஆனது. நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். முன்பின் கேமரா பழக்கம் வேண்டியதில்லை.

படி 1: கதையை ஒரு தாளுக்குள் அடக்குங்கள்

குழந்தையிடம் முதலில் மூன்று கேள்வி கேளுங்கள். இவன் ஏன் சின்னவன்? இவனுக்கு எதைக் கண்டால் பயம்? யாருக்காக அந்தப் பயத்தை விடுகிறான்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கதை கையில் வந்துவிட்டது.

எங்கள் கதை இது. சேலம் ஜங்ஷன் யார்டில் வேகன்களை அங்கே இங்கே தள்ளும் குட்டி எஞ்சின் பொடியன். யார்டைத் தாண்டிப் போனதே இல்லை. சேலத்திலிருந்து சென்னைப் பக்கம் போகும் பாதை, டேனிஷ்பேட்டையைத் தாண்டியதும் லோகூர் வரை சேர்வராயன் மலையோரமாக ஏறும். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய கூட்ஸ் ஒன்று மழை ராத்திரியில் அந்த ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. இழுத்துப் போன பெரிய எஞ்சின் பெரியண்ணனுக்குச் சக்கரம் வழுக்குகிறது. பின்னாலிருந்து தள்ள ஆள் வேண்டும். யார்டில் இருப்பது பொடியன் மட்டும்தான்.

ஏற்காட்டுக்கே ரயில் விட்டுவிடலாம் என்று அக்கா மகன் முதலில் அடம்பிடித்தான். ஏற்காட்டுக்கு ரயில் கிடையாது, இருபது கொண்டை ஊசி வளைவு கொண்ட ரோடுதான். மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில் நம் சேலம் கோட்டத்தைச் சேர்ந்தது. அதில் கல்லாறு தாண்டி ஏறும்போது தண்டவாளத்துக்கு நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறப் பல்சட்டம் இருக்கும், எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த வீடியோவைக் காட்டினேன். "அப்ப பொடியனும் பின்னாடிதான் நிக்கணும்" என்று அவனே முடிவு செய்தான்.

படி 2: எஞ்சின்

ஊதுபத்தி வரும் உருளை டப்பாவை 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் பாய்லர். பின்னால் தீப்பெட்டி இரண்டை அடுக்கி ஒட்டினால் டிரைவர் நிற்கும் இடம். சோடா மூடி ஆறு, சக்கரத்துக்கு. மூடியின் நடுவே ஆணியால் துளை போட்டு (இதைப் பெரியவர்கள் செய்யுங்கள்) ஈர்க்குச்சியைச் செருகுங்கள். சக்கரம் நிஜமாகவே சுற்ற வேண்டும். ஏன் என்று ஆறாவது படியில் தெரியும். வெளிப்பக்கம் ஒவ்வொரு மூடியிலும் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சுற்றுவது கண்ணுக்குத் தெரியாது.

கறுப்பு போஸ்டர் கலர் அடித்துக் காய்ந்ததும் பாய்லரைச் சுற்றி ஃபெவிகால் தொட்டு ஜவ்வரிசியை வரிசையாக ஒட்டினோம். பெரிய ரகம் வேண்டாம், நைலான் ஜவ்வரிசியில் பொடி ரகம் போதும். மேலே இன்னொரு கோட்டிங் கறுப்பு அடித்தால், இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணித்தலை மாதிரி, அச்சு அசல் ரிவெட். கேமராவில் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது.

பெரியண்ணனை முழுசாகச் செய்ய வேண்டாம். திரையின் ஓரத்தில் அவனுடைய பின்பக்கம் மட்டும் தெரிந்தால் போதும். ஆள் எவ்வளவு பெரியவன் என்பதைப் பார்ப்பவரே நினைத்துக்கொள்வார்.

படி 3: முகம்

தாமஸ் தொடர் ஆரம்ப வருஷங்களில் கம்ப்யூட்டரில் செய்ததில்லை. நிஜமான மாடல் ரயில்களை ஓடவிட்டுப் படம்பிடித்தார்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் பல முகங்கள் தனித்தனியாகச் செய்து, காட்சிக்குக் காட்சி மாற்றி மாட்டுவார்கள். கண்கள் மட்டும் ரிமோட்டில் அசையும். நாமும் அதையேதான் செய்யப் போகிறோம்.

வெள்ளை அட்டையில் 4 செ.மீ. வட்டம் ஐந்து வெட்டுங்கள். சாதாரண முகம், தலைகுனிந்த முகம், பயந்த முகம், பல்லைக் கடித்த முகம், களைத்துச் சிரிக்கும் முகம். புருவமும் வாயும் மட்டும் வரையுங்கள். கருவிழியைத் தனியாக வையுங்கள்: கறுப்புச் சார்ட் தாளில் பஞ்சிங் மெஷினால் துளை போட்டால் விழும் பொட்டு அளவு சரியாக இருக்கும். பின்னால் துளி சப்பாத்தி மாவு. பல் குத்தும் குச்சியால் நகர்த்திக்கொள்ளலாம்.

சிரித்த முகத்தை மலை ஏறும்போது எங்குமே மாட்டாதீர்கள். பயமே இல்லாதவன் மலை ஏறினால் அது வெறும் பயணம். உதடு நடுங்கிக்கொண்டே ஏறினால்தான் பார்க்கிற குழந்தை பாயில் நிமிர்ந்து உட்காரும்.

படி 4: மலையும் தண்டவாளமும்

தறிக்கூடங்களில் தூக்கிப் போடும் காலி நூல் கோன் சேலத்தில் கேட்ட இடத்தில் கிடைக்கும். ஆறேழு கோன்களை நிற்க வைத்து, கசக்கிய பழைய பேப்பரைப் போர்த்தி, மைதாப் பசை தடவிக் காயவிட்டால் சேர்வராயன் மலை தயார். அடிவாரத்துக்குப் பழுப்பு, மேலே போகப் போகக் கரும்பச்சை. உச்சியில் கொஞ்சம் பஞ்சைப் பிரித்துப் போட்டால் மேகம்.

முன்னால் 50 செ.மீ. அட்டை ஒன்றை ஒரு பக்கம் தூக்கிச் சாய்வாக வையுங்கள். ஐஸ் குச்சிகள் கட்டைகள். அலுமினியத் தாள் சுற்றிய ஈர்க்குச்சி தண்டவாளம். மழை ஈரம் மின்ன வேண்டுமா? தண்ணீர் தடவினால் சீக்கிரம் காய்ந்துபோய், ஒவ்வொரு படத்திலும் வேறு மாதிரி தெரியும். அலுமினியத்தின் மேல் மட்டும் தேங்காய் எண்ணெய் தொட்டுவிடுங்கள். கடைசிவரை மின்னும்.

எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. முன்னால் நிற்கும் வேகன் பொடியனின் முகத்தை மறைத்துவிட்டது! கடைசி வேகனின் சுவரைப் பாதியாக வெட்டித் தாழ்த்தினோம். மூட்டைகளுக்கு மேல் முகம் எட்டிப் பார்த்தது. கேமராவையும் நேர் பக்கவாட்டில் வைக்காமல் கொஞ்சம் முன்னால் தள்ளிச் சாய்த்து வைத்தோம்.

படி 5: போனும் விளக்கும்

ராத்திரி எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் மேகம் நகர நகர மாறிக்கொண்டே இருக்கும், படம் விட்டுவிட்டு மின்னும். ஒரே எல்.ஈ.டி. பல்பு, பக்கவாட்டிலிருந்து. போனை இரண்டு புத்தகக் கட்டுக்கு நடுவே இறுக்கி நிறுத்துங்கள். திரையில் பொடியன் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் முன்பு எடுத்த படத்தின் நிழல் திரையில் தெரியும், அதை வைத்து அடுத்த நகர்வை அளக்கலாம்.

நொடிக்கு 12 படம் வைத்தால் ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் குழந்தையின் பொறுமைக்கு 6 போதும். 40 நொடிக்கு 240 படம்.

படி 6: ஏற்றம்

இதற்காகத்தான் இவ்வளவும். அவசரப்படாதீர்கள்.

முதல் தடவை நாங்கள் சமதளத்தில் எடுத்த அதே வேகத்தில் மலையையும் எடுத்துவிட்டோம். படத்துக்குப் படம் 1 செ.மீ. ஐந்து நொடியில் பொடியன் மேலே போய்விட்டான். போட்டுப் பார்த்தோம். "அவனுக்கு ஒண்ணுமே கஷ்டமில்லையே சித்தி" என்று அவன் முகம் விழுந்துவிட்டது. அவன் சொன்னது சரி. அந்த 30 படத்தையும் அழித்தோம்.

சமதளத்தில் 30 செ.மீ. போக 30 படம். ஏற்றத்தில் அதே 30 செ.மீ.க்கு 120 படம் வையுங்கள், அதாவது 20 நொடி. படத்தில் பாதி நேரம் இதற்கே போகட்டும். ஒவ்வொரு படத்துக்கும் 3 மி.மீ. போல நகர்த்துங்கள். சாய்வில் எஞ்சின் சறுக்காமல் இருக்கச் சக்கரத்தடியில் சப்பாத்தி மாவு ஒரு துளி, அரை மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

நடுவில் மூன்று இடத்தில் வழுக்கல். வழுக்கும்போது எஞ்சினை நகர்த்தாமல் சக்கரத்தை மட்டும் சுற்றி நான்கு படம் எடுங்கள். வெள்ளைக் கோடு வேகமாகச் சுழலும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மூன்றாவது வழுக்கலில் மட்டும் கடைசிப் படத்தில் 5 மி.மீ. பின்னால் இழுத்துவிடுங்கள். அந்த 5 மி.மீ.யில் வீட்டில் எல்லாரும் "ஐயோ" என்றார்கள்.

அப்புறம் மணல். நிஜ எஞ்சின்களிலும் மணல் பெட்டி உண்டு. தண்டவாளம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவிப் பிடிப்பு உண்டாக்குவார்கள். மூன்றாவது வழுக்கல் முடிந்ததும் சக்கரத்துக்கு முன்னால் வறுத்த ரவையைத் துளித்துளியாக ஐந்தாறு படத்தில் சேருங்கள். எந்த மந்திர சக்தியும் வேண்டாம், பொடியன் திடீரென்று பலசாலியாகவும் வேண்டாம். தன்னிடம் இருந்த கைப்பிடி மணலை வைத்து மறுபடி முயன்றான், அவ்வளவுதான்.

கண்கள் எங்கே பார்க்க வேண்டும் என்பதை அக்கா மகனிடமே விட்டேன். "பயப்படறப்ப கீழ பள்ளத்தைப் பாக்கறான். மணல் போட்டப்புறம் மேல பாக்கறான்" என்றான். குச்சியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

படி 7: சத்தம்

மாவு, ரவை எல்லாம் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக் கேளுங்கள். முறத்தில் அரிசி புடைக்கும் சத்தம் நீராவி எஞ்சின் சத்தம். எவர்சில்வர் தட்டில் ஜவ்வரிசி கொட்டினால் மழை. ஏற்றத்தில் புடைக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள், வழுக்கும்போது மட்டும் சடசடவென்று. பேச்சு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். பின்னணிப் பாட்டும் வேண்டாம்.

படி 8: கடைசிக் காட்சி

லோகூர் உச்சியில் கைதட்டல் வைக்கலாமா என்று யோசித்தோம், வைக்கவில்லை. ராத்திரி யார்டு. பொடியன் முன்பு மூலையில் நிற்பான். இப்போது பெரியண்ணன் ஷெட்டில் ஒரு ஜாண் நகர்ந்து இடம் விடுகிறான், அவ்வளவுதான். பொடியன் உள்ளே வந்து நிற்கிறான். களைத்துச் சிரிக்கும் முகத்தை இங்கேதான் மாட்டினோம். கடைசிப் படத்தை மட்டும் ஆப்பில் மூன்று நொடி நீட்டிவிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். ரிவெட்டில் ஒரு ஜவ்வரிசி உதிர்ந்திருக்கும், எங்களுக்கு உதிர்ந்திருந்தது. திரும்ப ஒட்டலாமா என்றேன். "வேண்டாம், மலை ஏறினப்ப விழுந்தது" என்றான். அப்படியே விட்டுவிட்டோம்.