சம்மர் ஸ்கூல்ல 'ஃபாரன்ஹீட் 451' வந்திருக்கா? டிஸ்கஷன்ல இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஜூலை வந்தா டொரான்டோ பக்கம் நம்ம பசங்க நிறைய பேர் சம்மர் ஸ்கூல்ல இங்கிலீஷ் கிரெடிட் எடுப்பாங்க, அதுலயும் ஆன்லைன்ல எடுக்கறவங்க நிறைய. ஒண்டாரியோல ஒரு கிரெடிட்னா 110 மணி நேரம், அதை ஒரே மாசத்துல அடைக்கறதால ஒரு நாவலுக்குக் கிடைக்கறது சில நாள்தான், அதுக்குள்ள படிக்கணும், டிஸ்கஷன்ல ஒரு போஸ்ட் போடணும், கூடப் படிக்கற ரெண்டு பேருக்கு ரிப்ளையும் எழுதணும். ரே பிராட்பரி 1953ல எழுதின 'ஃபாரன்ஹீட் 451' இந்த மாதிரி கிளாஸுக்கு நல்லா பொருந்தற நாவல், சின்ன புக், மூணே பாகம். இந்த வயசுப் பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றதால அவங்க எழுதறதை நிறைய படிக்கறேன், அதுல திரும்பத் திரும்ப வர்ற தப்புகளைத்தான் எழுதறேன். கதையோட கடைசி வரைக்கும் பேசுவேன், அதனால முடிக்காதவங்க முடிச்சுட்டு வாங்க.

இருக்கறதுலயே பெரிய தப்பு, "கவர்ன்மென்ட் புக்கையெல்லாம் தடை பண்ணிடுச்சு, மக்கள் பாவம்"னு ஆரம்பிக்கறது. புக்கை எரிக்கற ஃபயர்மேன் கதைன்னு கேட்டதுமே மனசுல ஒரு தீர்ப்பு வந்துடுது, அப்புறம் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் தேடித்தான் படிக்கறாங்க. ஆனா முதல் பாகத்துல கதாநாயகன், ஃபயர்மேன் மான்டாக் வேலைக்குப் போகாம படுத்திருப்பான், அவனோட மேலதிகாரி கேப்டன் பீட்டி வீட்டுக்கே வந்து உக்காந்து பைப் பத்தவச்சுக்கிட்டு இது எப்படி ஆரம்பிச்சதுன்னு விலாவாரியா சொல்லுவார், அந்த சீனை நிதானமா படிங்க. மேல இருந்து யாரும் உத்தரவு போட்டு இது தொடங்கலைன்னு சொல்றார். பெரிய பெரிய நாவலை 15 நிமிஷ ரேடியோ நிகழ்ச்சியா சுருக்கினாங்க, அப்புறம் ரெண்டு நிமிஷத்துல படிக்கற பத்தியா ஆச்சு, கடைசில டிக்ஷனரில பத்துப் பன்னெண்டு வரி. யாரோட மனசும் புண்படக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா வெட்டினாங்க, யோசிக்க வைக்கறது எல்லாருக்கும் பாரமா இருந்துச்சு, ஃபயர்மேன் எரிக்க வந்தது அதுக்கெல்லாம் அப்புறம்தான்.

பீட்டி தன் வேலையை நியாயப்படுத்தத்தானே பேசறார், அவரை எதுக்கு நம்பணும்னு நீங்க கேட்டா அது ரொம்ப நல்ல கேள்வி, அதையே போஸ்ட்ல கேளுங்க. ஆனா ரெண்டாவது பாகத்துல ஃபேபர் வர்றார், வேலை போன பழைய புரொஃபசர், பீட்டிக்கு நேர் எதிர்ப்பக்கம் நிக்கறவர், அவரும் ஜனங்க தாங்களாவேதான் படிக்கறதை நிறுத்தினாங்கன்னு சொல்றார். எதிரும் புதிருமா இருக்கற ரெண்டு பேர் ஒரே விஷயத்தைச் சொல்றாங்கன்னா ஆசிரியர் நம்மளை அங்க நிறுத்திப் பாக்கச் சொல்றார்னு அர்த்தம். அதுக்காக அந்த அரசாங்கம் நல்லதுன்னு ஆயிடாது, மான்டாக் தப்பிச்சதை மறைக்க ரோட்ல சும்மா நடந்து போற எவனோ ஒருத்தனை டிவில எல்லாரும் பாக்கக் கொன்னு அவன்தான் மான்டாக்னு காட்டறாங்களே. அதையும் எழுதுங்க, இதையும் எழுதுங்க, ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்குதுன்னு பேசினாத்தான் டிஸ்கஷன் நகரும்.

அடுத்தது சம்மரி. டைம் இல்லன்னு நெட்ல ஒரு பக்க சுருக்கத்தைப் படிச்சுட்டோ இல்ல ஏஐ கிட்ட கேட்டு வாங்கியோ போஸ்ட் போடறது. ஹேம்லெட்டைப் பத்தி ஜனங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரு பக்க சுருக்கம்தான்னு பீட்டி சொல்ற புக்கு இது, இதையே அப்படிப் படிச்சா எதைப் பத்தி எழுதியிருக்கோ அது நம்ம கைய விட்டுப் போயிடுது. போஸ்ட்டைப் பாத்தாலே தெரியும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், சென்சார்ஷிப்பின் ஆபத்து, அறிவின் முக்கியத்துவம், சமூகத்தின் வீழ்ச்சின்னு பெரிய பெரிய வார்த்தையா ஓடும், ஒரு சீன் கூட இருக்காது. அதுக்குப் பதிலா ரெண்டே பக்கம் ஒழுங்கா படிச்சு அதை மட்டும் பத்தி எழுதினவங்க போஸ்ட் எவ்வளவோ மேல்.

உதாரணத்துக்கு மில்ட்ரெட். மான்டாக்கோட பொண்டாட்டி. சம்மரில "டிவிக்கு அடிமையான, ஆழமில்லாத பெண்"னு ஒரு வரியோட முடிஞ்சிடும், பசங்களும் அவளை முட்டாள்னு எழுதிட்டுப் போயிடறாங்க. புக்குல அவ முதல்ல வர்ற ராத்திரியைப் பாருங்க. முப்பது தூக்க மாத்திரை இருந்த பாட்டில் காலியா கிடக்குது, மான்டாக் ஃபோன் பண்றான், வர்றது டாக்டர் இல்ல, ரெண்டு ஆளுங்க ரெண்டு மெஷினைத் தூக்கிட்டு வந்து வயித்தையும் ரத்தத்தையும் சுத்தம் பண்ணிட்டு அம்பது டாலர்னு கேக்கறாங்க. ஒரு ராத்திரிக்கு இந்த மாதிரி ஒன்பது பத்து கேஸ் வருதுன்னு சாதாரணமா சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிடறாங்க. காலைல எழுந்து அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, பசிக்குதுங்கறா. இதைப் படிச்ச யாரும் அவளை வெறும் முட்டாள்னு எழுத முடியாது. ஒரு ஊர்ல ஒரு ராத்திரிக்கு இத்தனை பேர்னா அங்க என்ன நடக்குது, ஏன் யாரும் அதைப் பத்திப் பேசறதில்ல? அங்கதான் கேள்வி இருக்கு.

இந்த இடத்துல ஒண்ணு அழுத்திச் சொல்லணும். இந்த சீனை வச்சு ஜோக் அடிக்காதீங்க, மீம் போடாதீங்க. கிளாஸ்ல யார் வீட்ல என்ன நடந்திருக்குன்னு நமக்குத் தெரியாது, ஆன்லைன்ல எதிர்ல இருக்கறவங்க முகமும் தெரியாது. இதைப் படிச்சு உங்களுக்கே மனசு கஷ்டமா இருந்தா டீச்சருக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, வேற கேள்விக்கு எழுதறேன்னு கேளுங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பேச ஆள் வேணும்னா கனடால எந்த நேரமும் 988க்கு கூப்பிடலாம்.

இன்னொரு வகை போஸ்ட், "பிராட்பரி அப்பவே ஏர்பாட்ஸைக் கணிச்சுட்டார், இப்ப நம்ம ஃபோன் அடிமை ஆயிட்டோம், புக்கு நல்லது, டெக்னாலஜி கெட்டது". காதுல வைக்கற சின்ன ரேடியோ இருக்கறது உண்மைதான், ஆனா அதோட நிறுத்தினா என்ன பிரயோஜனம்? பத்து வருஷமா அதைக் காதுல வச்சிருந்து வச்சிருந்து மில்ட்ரெட் உதட்டசைவைப் பாத்தே புருஷன் பேசறதைப் புரிஞ்சுக்கப் பழகிட்டான்னு ஒரு வரி வரும், அதை எடுத்துப் பேசுங்க. மூணு சுவர் முழுக்க டிவி இருந்தும் நாலாவது சுவருக்கு ரெண்டாயிரம் டாலர் கேக்கறா, அது மான்டாக் வருஷ சம்பளத்துல மூணுல ஒரு பங்கு. ரெண்டு பேருக்கும் எங்க முதல்ல சந்திச்சோம்னே ஞாபகம் இல்ல. அதோட ஃபேபர் தெளிவா சொல்றார், உனக்குத் தேவை புக்கு இல்ல, ஒரு காலத்துல புக்குக்குள்ள இருந்த விஷயம், அது ரேடியோலயும் டிவிலயும் கூட இருக்க முடியும்னு. தரமான விஷயம், அதை அசைபோட நேரம், புரிஞ்சுக்கிட்டதை வச்சு நடந்துக்கற உரிமை, இந்த மூணும்தான் வேணுங்கறார். புக்கு நல்லது டிவி கெட்டதுன்னு எழுதறவங்க இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதிச்சிட்டாங்க.

படம் பாத்துட்டு எழுதறது உடனே மாட்டிக்கும். 1966ல பிரெஞ்சு டைரக்டர் ட்ரூஃபோ எடுத்த படத்துல, மான்டாக்கை யோசிக்க வைக்கற பக்கத்து வீட்டுப் பொண்ணு கிளாரிஸ் கடைசி வரைக்கும் உயிரோட இருப்பா, பொண்டாட்டி பேரு லிண்டா, நாவல்ல ஆளைத் துரத்தற இயந்திர நாய் கிடையாது. 2018ல வந்த படத்துல பொண்டாட்டியே இல்ல. நாவல்ல கிளாரிஸ் கார் மோதி செத்துட்டான்னு மில்ட்ரெட்தான் சொல்றா, அதையும் நிச்சயமா சொல்ல மாட்டேங்கறா.

நம்ம பசங்க இந்த புக்கைப் படிக்கறப்ப யாழ்ப்பாணம் நூலகத்தைப் பத்தி எழுதறதைப் பாக்கறேன், வீட்ல கேட்டு வளர்ந்த விஷயம், எழுதணும், கண்டிப்பா எழுதணும். ஆனா "இதேதான் அங்கயும் நடந்துச்சு"ன்னு ஒரு வரில முடிச்சிடாதீங்க. 1981 மே 31, ஜூன் 1 ராத்திரி போலீஸ்காரங்களும் சேர்ந்த கும்பல் வச்ச தீயில சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போச்சு. அங்க மக்கள் புக்கைக் கைவிடல, உயிரா மதிச்சாங்க, அதனாலதான் எரிச்சாங்க. நாவல்ல ஜனங்க முதல்லயே கைகழுவிட்டாங்க. இந்த வித்தியாசத்தை எழுதினா உங்க கூடப் படிக்கற, யாழ்ப்பாணம்னு கேள்விப்பட்டிருக்காத பிள்ளைங்களுக்கும் நாவலோட வாதம் எங்க பொருந்துது எங்க பொருந்தலன்னு புரியும். 1933ல நாஜிக்கள் புக்கை எரிச்ச பெர்லினுக்கும் இதே மாதிரி யோசிச்சுப் பாருங்க.

ரிப்ளைக்கு வருவோம். "நல்ல பாயிண்ட், நானும் ஒத்துக்கறேன்"னு எழுதி அவங்க சொன்னதையே வேற வார்த்தைல திருப்பிச் சொல்றது ரிப்ளை இல்ல. மான்டாக் பொண்டாட்டியோட ஃப்ரெண்ட்ஸுக்கு கவிதை படிச்சது தைரியம்னு ஒருத்தர் எழுதியிருந்தா, மான்டாக் காதுல ஒளிச்சு வச்சிருந்த சின்ன ரேடியோ வழியா ஃபேபர் வேணாம் வேணாம்னு கெஞ்சினாரே, மிஸஸ் ஃபெல்ப்ஸ் தேம்பித் தேம்பி அழுதாளே, கவிதைன்னா வேதனைதான்னு மிஸஸ் பௌல்ஸ் கத்தினதுல கொஞ்சமாவது நியாயம் இருக்கான்னு கேளுங்க. மறுத்துப் பேசறதுல தப்பே இல்ல, ஆளை விட்டுட்டு அவங்க காட்டின சீனைப் பிடிச்சு மறுங்க. டெட்லைனுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போஸ்ட் போட்டா இதெல்லாம் நடக்காது, உங்களுக்கு யாரும் பதில் எழுத நேரம் இருக்காது, அதனால முதல் போஸ்ட்டை ஒரு நாள் முன்னாடியே போட்டுடுங்க. முதல் பாகத்தைப் பத்தின கேள்வில பீட்டிக்குக் கடைசில என்ன ஆகுதுன்னு போட்டு உடைக்காதீங்க.

கடைசியா பக்க நம்பர். ஒருத்தர் கைல இ-புக், ஒருத்தர் கைல லைப்ரரி காப்பி, பக்க நம்பர் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வராது, அதனால எந்த பாகம், எந்த சீன்னு சேத்து எழுதுங்க. வீட்ல பழைய காப்பி கிடந்தா அது எந்த வருஷம் அச்சானதுன்னு பாத்துக்கோங்க, ஏன்னா 1967ல பள்ளிக்கூடத்துக்குன்னு போட்ட பதிப்புல பிராட்பரிக்குத் தெரியாமலே சுமார் 75 இடத்துல வார்த்தைகளை வெட்டி மாத்தியிருந்தாங்க, பல வருஷம் அதுதான் வித்துக்கிட்டிருந்துச்சு. மாணவர்கள் அவருக்கு லெட்டர் எழுதித்தான் அது அவருக்கே தெரிய வந்துச்சு, அதுக்கப்புறம்தான் மூலம் திரும்ப அச்சாச்சு. உங்க காப்பில இருக்கற வரியும் இன்னொருத்தர் போட்ட மேற்கோளும் ஒத்து வரலைன்னா தப்புன்னு சண்டைக்குப் போகாம ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாருங்க, அது எந்தப் பதிப்புன்னு கேளுங்க, எதை வெட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சா அதை வச்சே ஒரு போஸ்ட் எழுதலாம்.