மழைக்காலத்தில் சென்னைக்கு வருகிறீர்களா? பெட்டி கட்டும்போது நடக்கும் தவறுகள்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது பழைய கணக்கு. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்க்கிறது. முகூர்த்தம், இன்டர்வியூ, ஆஸ்பத்திரி, விசா என்று மதுரை, கோவை, நெல்லைப் பக்கமிருந்து ஆட்கள் வந்து இறங்குவதும் இதே மாதங்களில்தான்.

வருகிறவர்கள் குடையும் ரெயின்கோட்டும் எடுத்து வைத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எதை எடுத்து வந்தாலும் ஒரு முறையாவது நனையத்தான் போகிறீர்கள். அதன் பிறகு துணி காயாது. காற்றில் ஈரப்பதம் 80, 90 சதவீதத்தில் நிற்கும்போது துணியில் இருக்கும் தண்ணீர் எங்கே போகும்? பெட்டி கட்டும்போது நடக்கும் தவறுகளில் பாதி, இதை மறப்பதால் வருவது.

ஸ்வெட்டரும் ஜீன்ஸும்

மழை என்றால் குளிர் என்பது கோயம்புத்தூர்க்காரர்கள், பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள் வழக்கமாகப் போடும் தப்புக் கணக்கு. நவம்பரில்கூட சென்னையில் இரவு வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தாழ்வு மண்டலம் கடந்து போன மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்து, 31 டிகிரியில் புழுங்கும். கம்பளி ஸ்வெட்டர் பெட்டியில் கால்வாசியை அடைத்துக்கொண்டு சும்மா ஊருக்குத் திரும்பும். குளிர்வது ஒரே இடத்தில்தான்: நனைந்த சட்டையோடு ஏசி ரயிலிலோ ஏசி பஸ்ஸிலோ ஏறும்போது. அதற்கு மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று போதும். கொசுவுக்கும் அதுவே ஆகும்.

ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்றால் யாரும் கேட்பதில்லை. முழங்கால் வரை நனைந்த ஜீன்ஸ், ரூமுக்குள் ஃபேனுக்குக் கீழே போட்டாலும், ஒரு நாள் கழித்தும் இடுப்புப் பட்டையிலும் பாக்கெட் தையலிலும் ஈரமாகவே இருக்கும். மறுநாள் அதையே மாட்டினால் தொடை இடுக்கில் உரசி, படை வந்து சேரும். பாலியஸ்டர் கலந்த பேன்ட், டிராக் பேன்ட், பெண்களுக்கு மெல்லிய காட்டன் சுடிதார் வசதி. சுடிதாரின் கீழ்ப்பகுதி கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி இருந்தால் இன்னும் நல்லது. தங்கும் இடத்தில் கட்ட லுங்கி இருந்தால் அதைவிடச் சௌகரியம் கிடையாது.

துண்டிலும் இதே கதைதான். தடித்த டர்க்கி டவல் முதல் நாள் குளித்ததோடு சரி, பிறகு போகும்வரை ஈரவாடை அடிக்கும். ஈரிழைத் துண்டு இரண்டு கொண்டு வாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு டர்க்கி டவலின் எடை வராது.

துணியை வேகமாகக் காயவைக்க இந்த இரண்டாவது துண்டுதான் கருவி. துவைத்த சட்டையைக் கையால் பிழிந்துவிட்டு, உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். சுருட்டியதன் மேல் முழங்காலை ஊன்றி அரை நிமிடம் அழுத்துங்கள். பிரித்தால் துண்டு நனைந்திருக்கும், சட்டையில் லேசான ஈரம்தான் மிஞ்சியிருக்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஹேங்கரில் மாட்டி, ஃபேன் காற்று படும்படி தொங்கவிடுங்கள். இரண்டு துணிக்கு நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். ஏசி ரூமாக இருந்தால் ‘டிரை’ மோடில் போட்டுவிடுங்கள், காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துவிடும். இதற்கென்று மூன்று மீட்டர் நைலான் கயிறும் ஆறு கிளிப்பும் கொண்டு வந்தால் போதும், எடை ஒன்றும் இல்லை. தெருமுனை அயர்ன் வண்டியில் கொடுத்துக் காயவைத்துக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள், மழை நாளில் அந்த வண்டியே இருக்காது.

உள்ளாடை, சாக்ஸ் இரண்டையும் எண்ணும்போது தங்கும் நாட்களோடு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். சட்டையில் சிக்கனம் பார்க்கலாம், இவற்றில் கூடாது.

பைக்கு வெளியே உறை, உள்ளே ஒன்றுமில்லை

முதுகுப்பைக்கு ரெயின் கவர் மாட்டிவிட்டால் உள்ளே இருப்பது நனையாது என்ற நம்பிக்கை பெரிய ஏமாற்று. அந்த உறை பையின் முன்பக்கத்தையும் பக்கங்களையும்தான் மூடும். முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கம் திறந்தே இருக்கிறது. கழுத்தில் வழியும் தண்ணீர் தோள்பட்டை வார் வழியாக இறங்கி, முதுகுப்பக்கத் துணியில் ஊறி, உள்ளே லேப்டாப் இருக்கும் அறையைத்தான் முதலில் தொடும். உறையின் அடிப்பகுதியில் தொட்டி மாதிரித் தண்ணீர் தேங்குவது தனி.

அதனால் நீர்காப்பு பைக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். பையின் கொள்ளளவைவிடப் பெரிய, கனமான குப்பைப்பை உறை ஒன்றை உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை இரண்டு மூன்று சுற்று முறுக்கி மடக்கிச் செருகுங்கள். பைக்குள் தண்ணீரே புகுந்தாலும் துணி தப்பிக்கும். டிராலி பெட்டிக்கும் இதே ஏற்பாடு அவசியம். பெட்டியின் ஓடு நனையாது என்றாலும் ஜிப் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கணுக்கால் அளவுத் தண்ணீரில் டிராலியை இழுத்துப் போனால் சக்கரத்துக்குப் பக்கத்திலிருக்கும் திருகு ஓட்டை வழியாகவும் ஏறும்.

ஈரத்துணி போட உறைகளையும் ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் கடையில் கேட்டால் துணிப்பைதான் கிடைக்கலாம். மஞ்சப்பை காய்கறிக்குச் சரி, ஈரச் சுடிதாரை அதில் வைத்தால் பக்கத்திலிருப்பதும் சேர்ந்து நனையும். ஈரத்துணியை உறையில் கட்டியே ஒரு நாளுக்கு மேல் விடாதீர்கள். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டால் பருத்தித் துணியிலிருந்து அது லேசில் போகாது.

காலுக்கு என்ன

தோல் ஷூ நனைந்தால் விறைத்துப்போகும், கேன்வாஸ் ஷூ காய மூன்று நாள் கேட்கும். சரி, ஹவாய் செருப்பு போட்டுக்கொள்ளலாம் என்பவர்களுக்கு: முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது அது காலைவிட்டுக் கழன்று மிதந்துபோகும், சேற்றில் வழுக்கும். குதிகாலைப் பிடிக்கும் பின்வார் உள்ள ரப்பர் அல்லது பிளாஸ்டிக் சாண்டல்தான் இந்த ஊர் மழைக்குச் சரி. அடிப்பாகம் தேய்ந்துபோன பழைய ஜோடி வேண்டாம். அலுவலகத்துக்கோ மண்டபத்துக்கோ போட வேண்டிய ஷூவைப் பையில் வைத்து எடுத்துப்போய் வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். ஷூ நனைந்துவிட்டால் தினத்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்ற வேண்டும். வெயிலிலோ ஹீட்டர் பக்கமோ வைத்தால் தோல் வெடிக்கும்.

தெருத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். ரூமுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, பூஞ்சைக்கான பவுடர் போடாவிட்டால் நாலாம் நாள் சேற்றுப்புண் வந்து நிற்கும். காலில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் அந்தத் தண்ணீரில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி காயத்தின் வழியாகத்தான் சுலபமாக உள்ளே போகும். நீர்புகாத பிளாஸ்டர் நாலைந்து, கொசுவிரட்டிக் களிம்பு, உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இரண்டு மூன்று, இவை மருந்துப் பையில் இருக்கட்டும். தினசரி மாத்திரைகளைப் புட்டியில் கொட்டி எடுத்து வராமல் அட்டையோடு வையுங்கள், ஈரக்காற்றில் மாத்திரை நமுத்துவிடும்.

குடையா, ரெயின்கோட்டா?

மூன்று மடிப்புச் சின்னக் குடை கைப்பைக்கு அழகு. கடற்காற்று ஒரு தள்ளு தள்ளினால் பின்பக்கமாகப் புரண்டு கம்பி உடையும். இரண்டு மடிப்பு அல்லது நீளக் குடை தாங்கும். காற்று பலமாக இருக்கும்போது எந்தக் குடையும் வேலைக்காகாது, சுருட்டி வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்குவதுதான் புத்திசாலித்தனம். ரெயின்கோட் என்றால் சட்டை, பேன்ட் தனித்தனியாக உள்ளதாகவும் தையலின் மேல் டேப் ஒட்டியதாகவும் பாருங்கள். உள்ளிருந்து தையலைப் பார்த்தாலே தெரியும். வெறும் தையல் என்றால் பைக் டாக்ஸியில் பத்து நிமிடம் போனதும் தொடைப்பகுதி நனைந்துவிடும். தடித்த பிவிசி கோட்டுக்குள் வியர்த்தே நனைவீர்கள், அது தனிக் கொடுமை.

பட்டும் எலெக்ட்ரானிக்ஸும்

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பட்டுப்புடவையை நேராகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் ஜரிகையைக் கறுக்க வைக்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, பயணத்துக்கு மட்டும் மேலே உறை போட்டு, வந்து சேர்ந்ததும் உறையைக் கழற்றிவிடுங்கள். சேஃப்டி பின்னைப் புடவையிலேயே குத்தி வைக்காதீர்கள். கடலோர உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, குத்திய இடத்தில் பழுப்புக் கறை விழும்.

கேமராவும் கண்ணாடியும் பனிப்பது பலருக்குப் புரியாத விஷயம். 20 டிகிரி ஏசி ரூமில் இருந்த லென்ஸை 28 டிகிரி ஈரக்காற்றுக்குள் சட்டென்று எடுத்தால், காற்றிலிருக்கும் நீராவி குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடியும் படியும். பையை மூடியபடியே வெளியே வைத்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். போன் நனைந்தால் அரிசிக்குள் புதைப்பது வீண் வேலை, மாவுதான் ஓட்டைக்குள் போகும். அணைத்து, சார்ஜ் போடும் ஓட்டை கீழே பார்க்கும்படி ஃபேன் காற்றில் வையுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

தண்ணீர் தேங்கிய பகுதிகளில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவது வழக்கம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று போதும். விமானத்தில் வந்தால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி கிடையாது. கரண்டும் நெட்டும் போனால் யுபிஐயும் போகும், அதனால் 10, 50, 100 ரூபாய் நோட்டுகளாக இரண்டாயிரம் ரூபாயை ஜிப் உறையில் தனியாக வையுங்கள். அடையாள அட்டையின் நகலும் அதிலேயே இருக்கட்டும்.

பத்து நாளுக்கு முந்தைய வானிலையை நம்புவது

டிக்கெட் போட்ட அன்று போன் ஆப்பில் பார்த்த மேகப் படத்தை வைத்துப் பெட்டி கட்டுவதில் அர்த்தமில்லை. வங்கக்கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதி எந்தப் பக்கம் திரும்பும் என்பது பல நேரம் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் தெளிவாகும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பும், முந்தின இரவும் நுங்கம்பாக்கம் மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை, சிவப்பு என்றால் அதற்கும் மேல் பெய்யலாம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்ற செய்தியைப் பார்த்துப் பதற வேண்டாம், அந்தக் கூண்டு கப்பல்களுக்கானது.

சிவப்பு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் திரும்பும் நாளுக்குப் பிறகும் இரண்டு நாளுக்கான மாத்திரையும் ஒரு செட் துணியும் கூடுதலாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று மூடினார்கள். அந்த மாத்திரை, ஒரு செட் துணி, சார்ஜர், பணம், துண்டு, இந்த ஐந்தும் லக்கேஜில் போகக் கூடாது. தோளில் மாட்டும் பையில், மேலாக இருக்க வேண்டும்.