கடைசி ஓட்டத்துக்கு இருக்காதீர்கள்: புயல் நாளில் வேட்டைநாய்களின் பின்னே

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காற்று வேலியோர மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சவாரிக்கு இரண்டாவது முறையாக வந்த ஒரு பெண், புதுத் தோல் கையுறையில் லகானை நழுவவிட்டு நழுவவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் குதிரை நாய்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. பத்து வருடத்துக்கு முந்தைய என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அதனால்தான் இது: புயல் நாளில் புதியவர்கள் செய்யும் தவறுகளின் பட்டியல்.

நான் சவாரி செய்வது இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில். நரி வேட்டை இல்லை. நாய்களைக் கொண்டு நரியைத் துரத்துவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்து, அது 2005 பிப்ரவரியில் அமலுக்கும் வந்துவிட்டது. எங்களுடையது பிளட்ஹவுண்ட் என்ற மோப்பநாய்களின் கூட்டம். அவை தேடுவது ஒரு மனிதரை. ஓட்டக்காரர் ஒருவர் முன்கூட்டியே வயல்வெளியில் ஓடிப்போவார். அவருடைய சொந்த வாசனையை மோப்பம் பிடித்து நாய்கள் போகும், நாய்களுக்குப் பின்னால் நாங்கள். கண்டுபிடித்ததும் கடிக்காது. அவர் முகம் முழுக்க எச்சிலாகும் வரை நக்கும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இப்படி மூன்று நான்கு ஓட்டம், நடுநடுவே காத்திருப்பு.

வயிற்றுவாரை இறுக்குங்கள், தலைக்கவசம் போடுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் குதிரை மேலேயே ஏறக் கூடாது.

நாய்களைப் பார்த்து ஓட்டுவது

காற்று பலமாக இருந்தால் வாசனை ஓட்டக்காரர் போன வழியிலேயே கிடக்காது. காற்று அதைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய்விடும். நாய்கள் அந்த வாசனையைத்தான் பிடித்துப் போகும், சில நேரம் ஒரு வயல் தள்ளிக்கூட. ஆனால் நீங்கள் தாண்டலாம் என்று முன்பே பார்த்து வைத்த வேலிகள் இருப்பது ஓட்டக்காரர் போன வழியில். சவாரிக் கூட்டத்தை நடத்திப் போகும் ஃபீல்ட் மாஸ்டருக்கு அந்த வழி தெரியும். நாய்களைப் பார்த்து நேராகப் போனால் முள்கம்பி ஓடும் புதர்வேலி முன்னால் போய் நிற்பீர்கள். நான் நின்றிருக்கிறேன். திரும்பி வந்து வாயில்கதவைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள்.

முதுகைக் காட்டி நிற்பது

நாய்கள் கடந்து போகும்போது குதிரையின் முகம் அவற்றைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். குதிரை உதைத்து ஒரு நாய்க்கு அடிபட்டால் அதைவிடப் பெரிய குற்றம் அந்த மைதானத்தில் இல்லை. சாதாரண நாளில் இது சுலபம். மழைக்காற்று நாளில்தான் சிக்கல். ஏனென்றால் எந்தக் குதிரையும் மழை வரும் திசைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கத்தான் பார்க்கும், அது அதன் சுபாவம். மழை வரும் பக்கத்திலிருந்து நாய்கள் வந்தால் குதிரையோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டும். உதைக்கும் குதிரைக்கு வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவார்கள். ரிப்பன் கட்டியாயிற்றே என்று கவலையில்லாமல் இருந்துவிடாதீர்கள். ரிப்பனைப் படிக்க நாய்க்குத் தெரியாது.

கையுறை

தோல் வேண்டாம், நனைந்தால் லகான் நழுவும். பருத்தி நூல் கையுறை போடுங்கள், மாற்று ஜோடி ஒன்றைச் சேண மடிப்புக்கு அடியில் செருகி வையுங்கள்.

கடைசி ஓட்டத்துக்கும் இருப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான், என் மேலேயே.

அது ஒரு பிப்ரவரி. இரண்டு வாரமாக விடாத மழை. இந்தப் பக்கம் கனத்த களிமண். பழைய புல்வெளிகளில் இடைக்கால உழவு விட்டுப்போன மேடும் பள்ளமும் இன்னும் அலை அலையாகக் கிடக்கும். மழைக்காலத்தில் பள்ளமெல்லாம் வாய்க்கால். மேட்டின் மேலேயே நீளவாக்கில் போனால் குதிரைக்குப் பரவாயில்லை. குறுக்கே போனால் ஒவ்வொரு பள்ளத்திலும் குளம்பு புதையும், பிடுங்கும், மறுபடி புதையும். அன்றைக்கு மூன்று ஓட்டமும் பெரும்பாலும் குறுக்கேதான்.

நான்காவதுக்குக் காத்திருந்தபோது ஆலங்கட்டி விழுந்தது. என் குதிரை அதற்கு முன்பே தன் பாஷையில் சொல்லிவிட்டது. எப்போதும் கையை இழுக்கும் குதிரை, லகானைத் தொளதொளவென்று விட்டிருந்தது. கடைசி வேலியில் பின்னங்கால் தட்டியது. சமதரையில் ஒரு முறை தடுக்கியது. களைப்பு, சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

உண்மையான காரணம் வேறு. பாதியில் கிளம்புகிறவர்கள் மாஸ்டரிடம் போய் 'குட் நைட்' சொல்லிவிட்டுப் போவது இங்கே வழக்கம். மத்தியானம் ஒரு மணியானாலும் குட் நைட்தான். அத்தனை பேர் முன்னால் பட்டப்பகலில் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். அன்றைக்குக் கட்டிய பணமும் இருக்கிறதே. இருந்துவிட்டேன்.

நான்காவது ஓட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. குதிரை விழவில்லை, நொண்டவில்லை, சமர்த்தாக வண்டியில் ஏறியது. மறுநாள் காலை பார்த்தால் இடது முன்னங்காலின் பின்புறம் வில் மாதிரி வளைந்து வீங்கியிருந்தது, தொட்டால் சூடு. மருத்துவர் ஸ்கேன் வைத்ததும் தசைநாணின் நடுவே ஒரு கறுப்பு ஓட்டை தெரிந்தது, நார் அறுந்த இடம்.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பும் நாண்களும்தான். மேலே இருக்கும் தசை களைத்துப்போனால் கணு இன்னும் தாழும், நாண் இன்னும் இழுபடும். பாய்ச்சலில் அந்த நாணின் நடுப்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது என்று அளந்திருக்கிறார்கள். வெளியே ஆலங்கட்டி, உள்ளே அந்தச் சூடு! ஆறிய பிறகும் தழும்பு பழைய நாண் மாதிரி நீண்டு சுருங்காது.

பதினான்கு மாதம். முதலில் லாயத்துக்குள்ளேயே ஓய்வு. அப்புறம் கையில் பிடித்துப் பத்து நிமிட நடை, அடுத்து பதினைந்து, இருபது. மருத்துவச் செலவில் இரண்டு மூன்று சீசன் சவாரி போயிருக்கலாம். குதிரை தேறியது, ஆனால் நாய்களின் பின்னால் மறுபடி தாவவே இல்லை.

இதைச் சொன்னால் புதியவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "குதிரைக்கே போக ஆசையாக இருக்கிறதே!" இருக்கும். அது மந்தை விலங்கு. மற்றவை ஓடும்வரை கால் உடைந்தாலும் ஓடப் பார்க்கும். அதன் ஆசையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புயல் நாளில் எத்தனை ஓட்டம் என்பதைக் காரில் வரும்போதே முடிவு செய்யுங்கள். என் கணக்கு இரண்டு. சேணத்தில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் மூன்றாகும், நான்காகும்.

விதைத்த வயலில் இறங்குவது

ஓரமாகவே போங்கள். விவசாயி தன் நிலத்தில் நம்மை விடுவது தயவில். ஈரத்தில் குதிரை மிதித்த குளிர்காலக் கோதுமை மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும், அவர் தினமும் அதைப் பார்ப்பார்.

நனைந்த சேணத்தை ஹீட்டர் பக்கத்தில் வைப்பது

வைக்காதீர்கள்.

அன்றிரவே காலைப் பார்த்து நிம்மதியாவது

வந்த இரவில் கால் சேறும் குளிருமாக இருக்கும், வீக்கம் தெரியாது. மறுநாள் காலை தீவனம் வைப்பதற்கு முன்பே கையுறையைக் கழற்றிவிட்டு, இரண்டு முன்னங்கால்களின் பின்புறத்தையும் முழங்காலிலிருந்து கணு வரை ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் தடவிப் பாருங்கள். ஒரு கால் மட்டும் சூடாக இருந்தால் நடக்கவைத்துச் சோதிக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.