மண்வேலைத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்த மேட்டில் வெட்டிய மண்ணை எந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோனால் செலவு குறையும்? 1781-இல் பிரான்சில் காஸ்பார் மோன்ஜ் இந்தக் கேள்வியைக் கணிதமாக எழுதினார். பின்னர் சோவியத் கணித அறிஞர் கான்டரோவிச் அதை நேரியல் திட்டமிடலுக்குள் (நிபந்தனைகளை மீறாமல் மிகக் குறைந்த செலவைக் கண்டுபிடிக்கும் கணித முறை) கொண்டுவந்தார். இன்று சின்ன சைட்டுக்கு எக்செலில் உள்ள சால்வர் என்ற கருவியே விடை தந்துவிடும். நாம் கொடுக்கும் எண்கள்தான் பெரும்பாலும் தப்பாக இருக்கின்றன.

முதலில், கன அளவு. பூமியில் கிடக்கும் மண், டிப்பரில் ஏறிய மண், ரோலர் ஓட்டி அமுக்கிய மண் மூன்றும் ஒரே அளவு இல்லை. சாதாரண மண் 100 கன மீட்டர் வெட்டினால் உதிரியாகச் சுமார் 125 ஆகும், அமுக்கியதும் 90-க்கு இறங்கும். அப்படியானால் 10,000 கன மீட்டர் கரைக்கு ஏறக்குறைய 11,100 வெட்ட வேண்டும். வண்டியில் ஏறுவது 13,900. 10,000-ஐ அப்படியே வகுத்து 14 கன மீட்டர் டிப்பருக்கு 714 நடை என்று போட்டவருக்கு உண்மையில் 990-க்கு மேல் ஆகும். பாறை நேர்மாறு: அமுக்கிய பிறகும் வெட்டியதைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் எல்லாவற்றையும் ஒரே நிலைக்கு, முடிந்தவரை வெட்டுமுன் இருந்த அளவுக்கு, மாற்றிக்கொண்டுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். மண் வகைக்கேற்ற விகிதத்தைச் சைட்டிலேயே சோதித்துப் பாருங்கள். புத்தக எண் ஆரம்பத்துக்கு மட்டும்தான்.

அடுத்தது லீட், அதாவது மண்ணைக் கொண்டுபோகும் தூரம். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்த நேர்கோட்டுத் தூரத்தைச் செலவாகப் போடக் கூடாது. நடுவில் ஓடையோ ரயில் பாதையோ இருந்தால் வண்டி சுற்றித்தான் போகும். லோடோடு மேடேறுவதும் காலியாக இறங்குவதும் ஒன்றல்ல. கிலோமீட்டரை விட்டுவிட்டு, போய்வரும் நிமிடத்தைப் போடுங்கள்.

மண்ணின் தரமும் முக்கியம். கரிசலைச் சாலையின் மேலடுக்குக்கு அனுப்பும்படி விடை வந்தால், எந்த மண் எங்கே போகலாம் என்ற நிபந்தனையைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டோம் என்று அர்த்தம்.

காலத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கல்வெர்ட் (சிறு பாலம்) கட்டி முடியாத வழியாக மூன்றாவது மாதமே மண் போவதாக விடை வரும். அந்த வழியை அது திறக்கும் மாதத்திலிருந்து மட்டும் அனுமதியுங்கள்.

அப்புறம் வண்டி எண்ணிக்கை. எக்ஸ்கவேட்டர் ஒரு டிப்பரை நிரப்ப 4 நிமிடமும், அந்த டிப்பர் ஏற்றிப் போய்த் திரும்ப மொத்தம் 24 நிமிடமும் ஆனால் ஆறு டிப்பர் போதும். எட்டு விட்டால் இரண்டுக்கு வரிசையில் நிற்பதற்கே வாடகை.

மழை பெய்தாலோ எதிர்பாராமல் பாறை தட்டினாலோ பழைய விடையைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். புதிதாக சர்வே எடுத்து, மிச்சமுள்ள வேலைக்கு மட்டும் மறுபடி கணக்குப் போடுங்கள்.