பிம் மாடலும் லீன் திட்டமிடலும்: சைட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல கட்டுமானத் திட்டங்களில் பிம் மாடல், அதாவது கட்டடத்தின் விவரங்கள் அடங்கிய முப்பரிமாண டிஜிட்டல் மாடல், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வீண் வேலையையும் காத்திருப்பையும் குறைக்கும் லீன் திட்டமிடல், சைட் சுவரில் ஒட்டிய வண்ணச் சீட்டுகளில் இருக்கிறது. ஒன்றில் மாறியது மற்றொன்றுக்குத் தெரிவதில்லை. பெரும்பாலான சிக்கல்கள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் பகுதி பிரிப்பு. மாடலில் மூன்றாம் தளம் ஒரே ஸ்லாப். சைட்டில் அதையே நான்கு பகுதிகளாகக் கான்கிரீட் போடுகிறார்கள். இரண்டாம் பகுதிக்கு எவ்வளவு கான்கிரீட், எத்தனை ஸ்லீவ் (குழாய் நுழையக் கான்கிரீட்டில் பதிக்கும் கூடு) என்று மேஸ்திரி கேட்டால் மாடலிலிருந்து பதில் வராது. மாடல் வேலை தொடங்கும் முன்பே சைட் இன்ஜினீயரோடு உட்கார்ந்து பகுதிகளை முடிவு செய்யுங்கள். மாடலில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும், வாரத் திட்டச் சீட்டுக்கும் ஒரே பகுதிக் குறியீடு இருக்கட்டும்.

மாடலில் குழாயும் பீமும் போன்றவை ஒன்றோடொன்று இடிக்கின்றனவா என்று பார்க்கும் மோதல் சோதனையில் நடக்கும் தவறுதான் அதிகச் செலவு வைப்பது. ஆயிரக்கணக்கில் மோதல்களைக் கண்டுபிடித்தோம் என்று அறிக்கை கொடுப்பதில் பயனில்லை. அடுத்து வேலை நடக்கப்போகும் பகுதியில் தீராத மோதல் எத்தனை என்பதே கேள்வி. அதோடு, மாடலில் இல்லாத பொருளுக்கு மோதலும் தெரியாது. 150 மி.மீ. குளிர்நீர்க் குழாயின் வெளிவிட்டம் சுமார் 168 மி.மீ.; சுற்றிலும் 50 மி.மீ. இன்சுலேஷன் வந்தால் 268 ஆகிவிடும். கழிவுநீர்க் குழாயை மட்டமாக வரைவது இன்னொரு வழக்கம். 100-க்கு 1 சரிவு என்றால் 12 மீட்டரில் குழாய் 120 மி.மீ. இறங்கும். வராந்தாவின் ஒரு முனையில் தாராளமாக இருக்கும் குழாய், மறுமுனையில் டக்ட்டில் (ஏ.சி. காற்று செல்லும் குழல்) போய் இடிக்கும். இன்சுலேஷன், சரிவு, குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர், வால்வைத் திருப்பக் கை நுழையும் இடம், இவை நான்கும் இல்லாத மாடலை நம்பி ஃபால்ஸ் சீலிங் உயரத்தை முடிவு செய்யாதீர்கள்.

முழுக் கட்டடத்தையும் ஒரே மூச்சில் கடைசி போல்ட் வரை வரைவதும் வீண். டிசைன் மாறினால் அத்தனையும் திரும்ப வரைய வேண்டும். அடுத்த 6 வாரங்களில் வேலை வரும் பகுதிகளை மட்டும் நுணுக்கமாக வரைந்தால் போதும். ஆர்டர் கொடுத்து வர மாதக்கணக்காகும் சாமான்களுக்கு மட்டும் முன்கூட்டியே வரையலாம்.

கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெல்லும் 1990-களில் வளர்த்தெடுத்தது லாஸ்ட் பிளானர் முறை; வேலையை நேரடியாக நடத்துபவர்களே வார வேலைகளை ஒப்புக்கொள்ளும் இந்த லீன் முறையில், முடிந்த வேலையின் சதவீதம் முக்கியமான அளவுகோல். ஒப்புக்கொண்ட 20 வேலைகளில் 15 முழுமையாக முடிந்தால் 75 சதவீதம். பாதி முடிந்ததற்குப் பூஜ்யம்தான். இதை வைத்து சப்-கான்ட்ராக்டரைத் திட்ட ஆரம்பித்தால், அடுத்த வாரமே சுலபமான வேலைகளை மட்டும் ஒப்புக்கொள்வார். எண் உயரும், கட்டடம் உயராது. முடியாததற்கான காரணத்தைத்தான் பிடிக்க வேண்டும். டிராயிங் வரவில்லை, ஸ்லீவ் இடம் தவறு என்பவை மாடல் குழுவுக்கு அன்றே போக வேண்டியவை.

வேலையைச் செய்யும் ஃபோர்மேன் இல்லாமல் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்தாதீர்கள். எந்தக் குழாயை முதலில் ஏற்ற வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். திரையில் மாடலைச் சுழற்றிக் காட்டினால் போதாது. அவர் கையில் இருக்க வேண்டியது அந்த வாரப் பகுதியின் அளவிட்ட ஏ3 தாள். சைட்டில் ஸ்லீவை 50 மி.மீ. நகர்த்தினால், கான்கிரீட் போடும் முன்பே அது மாடலில் ஏறிவிட வேண்டும்.